சனல் மாறும் வரை

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான கோபுரம் நிற்பது 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில். அந்த மலையின் கண்ணில் பட்ட தோட்டங்களில் படம் தெளிவு. மறைவில் இருந்த லயங்களில் புள்ளி மழை. கூரைமேல் ஒருவர் அன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு... ஐயோ போயிருச்சு" என்று சத்தம் போடுவார்கள். படம் கிடைப்பதற்குத்தான் அவ்வளவு பாடு. கிடைத்த சனல்களுக்குள் மாறுவதற்குக் காத்திருந்ததாக யாருக்கும் நினைவிருக்காது. எல்லா அலைகளும் எந்நேரமும் அன்டெனாவில் வந்து விழுந்துகொண்டிருந்தன. குமிழைத் திருகினால் போதும்.

டிஷ் வந்த பிறகும் அப்படித்தான், எல்லாம் கூரைவரை வந்துவிடும். ஆனால் படம் டிஜிட்டலாகச் சுருங்கி வருகிறது. விநாடிக்கு 25 படங்களையும் முழுதாக அனுப்புவதில்லை. ஒரு முழுப்படம், அதன்பின் ஒரு விநாடிக்கோ இரண்டு விநாடிக்கோ எது எது அசைந்தது என்ற மாற்றங்கள் மட்டும், மறுபடி ஒரு முழுப்படம். நடுவில் போய்ச் சேர்பவருக்கு மாற்றங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காமன் கூத்துக்கு நடுராத்திரியில் போய் நிற்பவர், வாத்தியார் அடுத்த பாட்டை எடுக்கும்வரை கதை பிடிபடாமல் விழிப்பதைப் போலத்தான்.

இணையத் தொலைக்காட்சியில் இன்னொரு வேலையும் கூடுகிறது. இங்கே கம்பிவழி வீட்டுக்கு வருவது நாம் பார்க்கும் ஒரே ஒரு சனல். ரிமோட்டை அழுத்தியதும் பெட்டி வலையமைப்பிடம் "இதை நிறுத்து, அதை அனுப்பு" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பவை வேறு: முழுப்படத்துக்கான காத்திருப்பு, பூட்டிய சனலின் சாவி, தடங்கலில்லாமல் ஓடவேண்டும் என்று பெட்டி முன்கூட்டியே சேர்த்துவைக்கும் சில நூறு மில்லிவிநாடிச் சேமிப்பு. 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்ததில், மாறும் நேரம் 0.43 விநாடிக்குள் இருந்தால்தான் ஓரளவு திருப்தி என்று தெரிந்தது. அதே காலத்துத் தொழிற்துறை வழிகாட்டி இரண்டு விநாடிவரை பொறுத்துக்கொண்டது.

பொறியியலாளர்கள் பார்ப்பவரை ஒற்றை ஆளாக நினைக்கிறார்கள் போலும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவுக்கு நாடகம், மகனுக்கு கிரிக்கெட், வீட்டில் ஒரே டிவி. "ஓவர் முடிஞ்சிருச்சுல்ல, போடு தம்பி" என்பதுதான் ஒப்பந்தம். விளம்பரம் ஓடும் அரை நிமிடத்தில் போகவும் வரவும் மூன்று மூன்று விநாடி போனால், திரும்பும்போது முதல் பந்து வீசியாயிற்று. அதில் ஒரு விக்கெட் விழுந்திருந்தால் அன்றிரவு ரிமோட் அம்மா கைக்குப் போகாது.

இந்த மூன்று விநாடியில் ஒரு பகுதி பெட்டியின் மரியாதை. 4ஐ அழுத்தினால், அடுத்து இன்னொரு இலக்கம் வருமோ என்று அது சற்றுப் பொறுத்துப் பார்க்கிறது. பல பெட்டிகளில் இலக்கத்தோடு ஓகேயையும் அழுத்தினால் அந்தப் பொறுமை தேவைப்படாது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

இந்தத் தாமதத்துக்குப் பெரிய வைத்தியம் ஒன்று உண்டு. மைக்ரோசொஃப்டின் மீடியாரூம் என்ற இணையத் தொலைக்காட்சி மென்பொருள் அதைப் பரவலாக்கியது, 2011இல் ஆர்.எஃப்.சி. 6285 என்ற பெயரில் இணையத் தரமாகவும் ஆனது. சனல் மாற்றியதும் ஒரு சேவையகம் அண்மைய முழுப்படத்திலிருந்து தொடங்கி, வழக்கத்தைவிட வேகமாக அந்த வீட்டுக்கு மட்டும் அள்ளி அனுப்பும். ஓட்டம் நேரலையை எட்டிப்பிடித்ததும் பெட்டி பொது ஓடைக்கு மாறிவிடும். அருமையான தந்திரம். ஆனால் அள்ளி அனுப்பக் கம்பியில் உபரி இடம் வேண்டுமே. முழுப்படங்களை நெருக்கி வைத்தாலும், பக்கத்துச் சனல்களை முன்னதாகவே வரவழைத்து வைத்தாலும் இதே கதைதான்.

அந்த உபரிதான் மலைநாட்டில் இல்லாதது. செப்புக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். 2+ பரிமாற்று நிலையத்தின் அருகே விநாடிக்கு 24 மெகாபிட்வரை தரும். ஐந்து கிலோமீற்றர் தாண்டினால் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். ஹட்டன் நகரத்து வீட்டுக்கும் மலைச்சரிவில் இருக்கும் மேல் டிவிஷன் லயத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒரு சனலுக்கே திணறும் கம்பியில் விரைவு வைத்தியம் ஏறாது. தாமதம் அதிகம் தெரியும் இடத்தில்தான் மருந்து வேலை செய்வதில்லை. ஃபைபர் போன இடங்களில் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. ஆனால் ஃபைபர் முதலில் போவது நகரத்துக்குத்தான்.

அதனால் எனக்குப் பிடித்தது சின்ன வைத்தியங்கள். பெட்டியின் சேமிப்பு நிரம்பும்வரை நிறுத்திவைக்காமல், முழுப்படம் கிடைத்தவுடன் கொஞ்சம் மெதுவாக ஓட்டிக்கொண்டே நிரப்பலாம். அந்த மெதுவைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அடுத்த சனல் எது என்று ஊகிப்பதையும் இந்த வீட்டுக்கு ஏற்றபடி செய்யலாம். இங்கே யாரும் சனல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவதில்லை. பக்கத்து எண்ணை வரவழைத்துவைத்துப் பயனில்லை. நாடகத்திலிருந்து கிரிக்கெட்டுக்கும் கிரிக்கெட்டிலிருந்து நாடகத்துக்கும்தான் போக்குவரத்து. கடைசியாக விட்டுவந்த அந்த ஒரு சனலை மட்டும், தரம் குறைந்த சின்னப் படமாகவேனும், பெட்டி பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒரு மெகாபிட்டுக்கும் குறைவான இடத்தில் அது முடியும்.