நாற்றம் என்றால் என்ன நாற்றம்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பெங்களூருவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா மாடியேறி வந்து, வாசலில் நின்றபடியே, ‘மனெயல்லி ஏனோ நாத்த பர்த்தா இதெ’ என்றார். வீட்டுக்குள் ஏதோ நாற்றம் வருகிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு சில நிமிடங்களிலேயே அதற்குப் பழகிவிடுகிறது. தன் வீட்டு வாடையை அறிய அயலார் மூக்குத்தான் வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் சுட்டது. மொழியியல் படித்தவளுக்கு அது சுட்டிருக்கக் கூடாது. கன்னட ‘நாத்த’வும் தமிழ் ‘நாற்ற’மும் ஒரே வேர். ஐம்புலன்களை எண்ணும் இடத்தில் வள்ளுவர் நாற்றம் என்பதை முகரப்படுவது என்ற பொதுப்பொருளில்தான் ஆள்கிறார். குறிப்பறிவுறுத்தல் அதிகாரத்தில் மொட்டுக்குள் ஒடுங்கிய நறுமணத்துக்கும் அதே சொல்தான். பின்னாளில் அது தாழ்ந்தது. இதனை இழிபொருட்பேறு என்கிறோம். ‘கம்பு’ என்ற சொல் கன்னடத்தில் நறுமணம், தெலுங்கில் துர்நாற்றம். மூக்கு அறிவிப்பதை மட்டும் செய்கிறது. தீர்ப்பைச் சொல்லின்மேல் ஏற்றுவது நாம்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் செய்தது என்ன? ஊதுபத்தி ஏற்றினேன். மாலையில் சாம்பிராணி போட்டேன். கருப்பு பினாயிலால் தரையைத் துடைத்தேன். பூனைகளின் கல்லீரலில் பீனால் வகைச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு என்பதையும், எங்கள் முத்துவுக்கு அந்தத் தரையே நஞ்சு என்பதையும் பின்னரே அறிந்தேன். ஒரு வாரம் வீடு கோயிலைப் போலவும் மருத்துவமனையைப் போலவும் மாறி மாறி மணத்தது. அடியில் இருந்தது அப்படியே இருந்தது.

தொலைபேசியில் அம்மாவிடம் புலம்பினேன். ‘எந்த மாதிரி வாடை கண்ணு? ஊசல் வாடையா, சிக்கு வாடையா, கவிச்சியா?’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ‘நாற்றம்’ என்ற ஒரே சொல்லோடு ஒரு வாரம் போராடியிருக்கிறேன். ஊதுபத்தியை அணைத்து, சன்னல்களைத் திறந்து, சற்று நேரம் வெளியே நடந்துவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்தேன். ஊசலும் இல்லை, சிக்கும் இல்லை. மூக்கைக் குத்தும் மூத்திர நெடி. அதுவும் ஓரிடத்தில் அன்று, புத்தக அலமாரியின் கீழ், கதவோரம், மெத்தையின் மூலை எனச் சொட்டுச் சொட்டாக. அதைச் சொன்னதும் அம்மா, ‘கிடாய்க்கு நீரடைச்சாலும் இப்படித்தான் மூலைக்கு மூலை சொட்டும். இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டு’ என்றார்.

காட்டினோம். சிறுநீர்ப்பை வீங்கியிருந்தது, சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. ஆண்பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகலானது; முழுதும் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும் என்றார் மருத்துவர். மணற்பெட்டிக்கு அடிக்கடி போவது, முக்குவது, கத்துவது, ஓரிரு துளி மட்டும் விடுவது ஆகியவையே அறிகுறிகள். முத்து இவை அனைத்தையும் செய்துகொண்டுதான் இருந்தான். நான் சாம்பிராணிப் புகைக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவன் பிழைத்துக்கொண்டான்.

பிறகே சுத்தம் செய்தேன். பூனை மூத்திரத்தில் இரண்டு வாடைகள் உண்டு. யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் எழும் அம்மோனியா ஒன்று. ஃபெலினின் என்ற அமினோ அமிலம் சிதைந்து உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வாடை மற்றொன்று. ஃபெலினின் உருவாவதைக் காக்ஸின் என்ற புரதம் நெறிப்படுத்துகிறது என்பதை மசாவோ மியாசாகி குழுவினர் 2006இல் காட்டினர். பினாயில் இவற்றின்மேல் இன்னொரு வாடையைப் போர்த்துகிறது, அவ்வளவே. பிளீச்சிங் பவுடர் இன்னும் ஆபத்து: அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சுவாயு எழும். துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, நொதி கலந்த துப்புரவு நீர்மத்தைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். நீர் கலந்த வினிகர் அம்மோனியாவை ஆவியாகாத உப்பாக மாற்றும். மெத்தைக்கு ஆப்பசோடாவும், பெங்களூரு மழை விட்டுக்கொடுத்தால் வெயிலும் போதும்.

மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள் நிறங்களுக்குப் பெயரிடுவதைப் போலவே மணங்களுக்கும் எளிதாகப் பெயரிடுகிறார்கள் என்று அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014இல் எழுதினர். அக்கட்டுரையை வகுப்பில் வியப்போடு படித்தேன். அதே வியப்பு என் அம்மாவின் சமையலறை மீது எனக்கு எழுந்ததில்லை. முடை, மொச்சை, காறல், வீச்சம், நெடி என அங்கே ஒவ்வொரு வாடைக்கும் ஒரு பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் செய்யவேண்டிய ஒரு வேலையும் உண்டு. அச்சொற்களை ‘நாற்றம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தொலைத்துவிட்டால், மிஞ்சுவது வெட்கமும் ஊதுபத்தியும்தான்.

வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் சென்று நன்றி சொன்னேன். அவர் சொன்னதை வசையாகக் கேட்டது என் பிழை. அது ஒரு செய்தி. ஒரு வாரம் தாமதமாகப் படித்தேன்.