பருந்தின் பசி

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் காணும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆயினும் சில ஆண்டுகளாக என் மனம் பந்தை விட்டுவிட்டு ஒரு பறவையின் பின்னே செல்கிறது. ரூஃபஸ் என்பது அதன் பெயர். ஹாரிஸ் பருந்து இனத்தைச் சேர்ந்தது.

அங்கே அரங்கக் கூரைகளில் புறாக்கள் அடையும்; புல்தரைக்கு இடும் விதைகளைக் கொத்தித் தின்னும்; ஆட்டத்தின் நடுவே தரையில் இறங்கி வீரர்களின் கவனத்தைக் கலைக்கும். அவற்றை விரட்டவே, முன்பு ஹேமிஷ் என்னும் பருந்தும் பின்னர் ரூஃபசும் அமர்த்தப்பட்டன. ரூஃபசுக்கு நிழற்படம் ஒட்டிய நுழைவு அட்டைகூட உண்டு. தொழில் என்ற இடத்தில் 'பறவை விரட்டி' என்று கண்டிருக்கிறது! பார்வையாளர் வருமுன், அதிகாலை 5 மணியளவில் அதைப் பறக்கவிடுவார்கள். கொல்வது நோக்கமன்று. வானில் அந்த உருவம் தெரிந்தாலே புறாக்கள் அகன்றுவிடும். ஆனால் அச்சம் விரைவில் மறந்துபோகும்; ஆகவே போட்டி இல்லாத மாதங்களிலும் பருந்து பறந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் அது கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்று சொல்வதற்கில்லை. நாய்க்கு எசமானன் உண்டு; பருந்துக்கு இல்லை. தோல் கையுறையில் இறைச்சித் துண்டு இருக்கும் என்று பழகியதால் அது திரும்பி வருகிறது. அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து சிலி, அர்ச்சென்டினா வரை வறண்ட நிலங்களில் வாழும் இவ்வினம் கூட்டமாக வேட்டையாடும் இயல்புடையது. எனவே மனிதனையும் வேட்டைத் துணையாக எளிதில் ஏற்றுக்கொள்கிறது. எனினும் பறக்கவிடுமுன் அதைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆண் பருந்து ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். வயிறு நிறைந்திருந்தால் கூரைமேல் அமர்ந்துவிடும், அழைத்தாலும் வராது. எடை மிகக் குறைந்தாலோ உடல் நலியும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சில கிராம்களே பழக்குபவரின் அறிவு. பருந்து பறப்பது யாருடைய ஞானத்தால் என்று யோபு நூலில் இறைவன் தொடுக்கும் வினா, இங்கே எனக்கு நினைவுக்கு வரும்.

அளந்து வைத்த பசி என்னை உறுத்துகிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் நஞ்சையும் துப்பாக்கியையும் நினைத்தால் பருந்தின் பக்கமே நிற்பேன். 2008இல் விம்பிள்டனில், பருந்துக்கும் அஞ்சாமல் உணவருந்தும் இடங்களைச் சுற்றிவந்த சில புறாக்களைச் சுடுவதற்கு ஆட்களை அமர்த்தினார்கள். விலங்குரிமை அமைப்பினர் கடுமையாக எதிர்த்தனர். 2012 சூன் மாதத்தில் வேறொரு செய்தி: வண்டியில் வைத்திருந்த ரூஃபசைக் கூண்டோடு யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள். சில நாட்களில் அது திரும்பக் கிடைத்தது. நாள்தோறும் கட்டவிழ்த்து விடப்பட்டும் ஓடிப்போகாத பறவை அது!

தமிழில் மாடப்புறா, மணிப்புறா என எல்லாவற்றுக்கும் புறா என்பதே பொதுப்பெயர். யோர்தானில் தூய ஆவியாருக்கு உருவாக நின்றதும், கூரையில் எச்சமிடுவதும் நம் மொழியில் ஒரே பெயருடையவை. அதனால்தானோ என்னவோ, புறாவை விரட்டுகிறார்கள் என்றதும் நம்மவர் முகம் சுளிக்கிறது.

இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலும் பருந்துகளைப் பறக்கவிட்டார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் அன்போடு தானியம் இறைத்தனர். தோளில் புறா அமர நிழற்படம் எடுத்துக்கொண்டனர். பெருகிய கூட்டத்தின் எச்சத்தால் சிலைகள் கெட்டன. 2001இல் தானியக் கடையின் உரிமம் நிறுத்தப்பட்டது. 2003இல் தீனி போடுவதே தடைசெய்யப்பட்டது. தானியம் இறைக்கும் கை ஓயாதிருந்தால் எத்தனை பருந்துகள் வந்தாலும் பயனிருந்திராது என்பதே என் எண்ணம். இன்றும் அச்சதுக்கத்தில் புறாக்கள் உண்டு. ஆனால் நிலத்தை மறைத்த அந்தப் பழைய கூட்டம் இல்லை.