எக்ஸ்ரே நல்லா இருக்கு!

உங்களுக்குத் தெரிந்த யாராவது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறாரா? அப்படியென்றால் அவரைப் பார்த்ததும் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். 'இப்ப ஃப்ரீயா நடக்கிறீங்களா?' அவர் சொன்ன பதிலும் தெரியும். 'ம்... பரவால்ல.'

அந்த 'ம்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

2021-ல் கோவிட் இரண்டாவது அலையில் நானும் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பன்னிரண்டு நாள். ஸ்டீராய்டு கொடுத்துத்தான் மூச்சைக் காப்பாற்றினார்கள். அதற்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தயார். ஆனால், அடுத்த வருஷம் ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினால் தொடை இடுக்கில் 'சுருக்'. சுளுக்கு என்று தைலம் தேய்த்தேன். வாயு என்று பூண்டு தின்றேன். கடைசியில் எம்.ஆர்.ஐ. உண்மையைச் சொன்னது. தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறதல்லவா, அதற்குப் போகும் ரத்தம் குறைந்து எலும்பு செத்துக்கொண்டிருந்தது. அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என். ஸ்டீராய்டும் மிதமிஞ்சிய குடியும் இதற்கு முக்கியக் காரணங்கள். இரண்டாவது பழக்கம் எனக்குக் கிடையாது என்று டாக்டரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது!

2023 ஜூனில் ஆபரேஷன். செத்த பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, அதன் தலையில் செராமிக் பந்து, இடுப்பில் அது சுழல ஒரு கிண்ணம். மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தேன். இந்த வித்தையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் சார்ன்லி என்ற இங்கிலாந்து டாக்டர். முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சில வருஷங்களிலேயே தேய்ந்துபோய் நோயாளிகள் திரும்பி வந்தார்கள். அந்தப் பொருள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடைக்குள்ளேயே அதை வைத்துக்கொண்ட மனிதர் அவர். 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார், ஜெயித்தார். 'நூற்றாண்டின் ஆபரேஷன்' என்று லான்செட் மருத்துவ இதழ் 2007-ல் இதைக் கொண்டாடியது.

நூற்றாண்டின் ஆபரேஷன் எனக்கும் முடிந்தது. வலி மட்டும் போகவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். பழைய வலி போய்விட்டது. ஆட்டோவில் ஏறினால் சுருக் இல்லை. வந்தது புது வலி. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது தொடைக்குள் ஒரு குடைச்சல். ராத்திரி ஆபரேஷன் செய்த பக்கம் திரும்பினால் தழும்பைச் சுற்றி எரிச்சல். புடவை உரசினால்கூட மிளகாய் அரைத்த கையால் தடவியது மாதிரி.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். கிருமித் தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார். எல்லாம் நார்மல். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சொந்தமாக வரைந்த ஓவியத்தைப் பார்ப்பதுபோல ரசித்தார்.

''எக்ஸ்ரே நல்லா இருக்கு மேடம். பர்ஃபெக்ட்!''

''வலிக்குதே டாக்டர்?''

''எக்ஸ்ரே நல்லா இருக்கே!''

அவர் நல்லவர், கைராசிக்காரர். அந்தப் படத்தில் என்ன தெரியுமோ அதைச் சொன்னார். ஆனால், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இடித்தது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே? யார் சொன்னது?

வீட்டுக்கு வரும் வழியில் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னவள் நான்தான்.

2018-ல் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து அவருக்கும் செயற்கை மூட்டு. மூன்றாம் மாதத்திலிருந்து, ''காந்துதும்மா... தையல் போட்ட எடம் காந்துது'' என்று சொல்ல ஆரம்பித்தார். நான் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பிரமாதமாக இருந்தது. அந்தக் கவரை அவர் முன்னால் வைத்து, ''அத்தை, எல்லாம் நல்லா இருக்கு. நீங்க அதையே நினைச்சிட்டிருக்காதீங்க'' என்றேன். ராத்திரி கணவரிடம், ''உங்கம்மாவுக்கு உடம்புல ஒண்ணுமில்லை, மனசுலதான்'' என்றேன். அடுத்த அறை வரைக்கும் கேட்கும் குரலில்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் வலி என்று சொல்லவே இல்லை. வலி போய்விட்டது என்று நான் கணக்கு எழுதிவிட்டேன்.

கணக்கு என்றதும் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்தவள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் எழுதிவைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பதிவாகத் தேடித் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் படி. 'புத்தகம் நன்றாக இருக்கிறது, அதனால் வித்தியாசமே இல்லை' என்று எழுதினால் பரீட்சையில் முட்டைதான். நானோ மாமியார் விஷயத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன்.

என் கணக்கைத் தேட ஆரம்பித்தேன். நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. 2012-ல் வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை நீண்டகால வலியோடு இருப்பதாகச் சொல்கிறது. முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 பேர். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் நல்ல பலன் தருகிறது என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். மிச்சம் இருக்கும் அந்தச் சிலரை யாரும் பொய்யர் ஆக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கும் வலிக்குத் தனி இடமே இருக்கிறது.

தோழி ஒருத்தி சொல்லி, வலிக்கென்றே சிகிச்சை தரும் ஒரு டாக்டரிடம் போனேன். இளம் பெண். வழக்கம்போல, ''பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு?'' என்றார். ''ஆறு'' என்றேன். எழுதிக்கொண்டு நிமிர்ந்தவர், ''நம்பர் இருக்கட்டும். எப்படி வலிக்குது? வீட்ல சொல்ற மாதிரி சொல்லுங்க'' என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் வார்த்தை வரவில்லை. அப்புறம் வந்தது, எல்லாமே மாமியாரின் வார்த்தைகள். ''நடக்க ஆரம்பிச்சா உள்ளே குடையுது. சாயங்காலம் கனக்குது. தழும்பு பக்கம் மட்டும்... காந்துது.''

''காந்துதா? துணி பட்டாலுமா?''

''ஆமா.''

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு பஞ்சால் தழும்பைச் சுற்றி மெதுவாக வருடினார். நான் துள்ளினேன். பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். செயற்கை மூட்டில் நரம்பு கிடையாது. அதற்கு வலிக்காது. வலிப்பது அதைச் சுற்றி இருப்பவை. குடைச்சல் ஒரு ஆள், கனம் ஒரு ஆள், காந்தல் வேறு ஆள். முதல் இரண்டும் பெரும்பாலும் ஓய்ந்துபோன தசை, இழுபடும் தசைநார், எலும்புக்குள் தண்டு உட்கார்ந்திருக்கும் விதம், சில பேருக்கு முதுகுத்தண்டு. காந்தலோ நரம்பு சம்பந்தப்பட்டது. தோலின் சின்ன நரம்புகள் அடிபட்டு, லேசாகத் தொட்டாலே 'தீ, தீ' என்று மூளைக்கு ஃபோன் போடுகின்றன. வருஷக்கணக்காக வலியையே கேட்டுப் பழகிய மூளையும் அதை உடனே நம்பிவிடுகிறது. சாதாரண வலி மாத்திரைகள் இங்கே அவ்வளவாக வேலை செய்வதில்லை. வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

'காந்துது' என்ற அந்த ஒற்றை வார்த்தைதான் என் சிகிச்சையை மாற்றியது. அந்த வார்த்தையை என் வீட்டில் ஒருவர் எனக்கு முன்பே சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அத்தையையும் அழைத்துப் போனேன். ''எனக்கெதுக்கு? ஒண்ணுமில்லை'' என்றார். ஆட்டோவில் இரண்டு பேரும் இரண்டு கைத்தடியோடு உட்கார்ந்திருந்தோம். டாக்டர் பஞ்சால் வருடியபோது அத்தை துள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து வருஷப் பழக்கம்.

திரும்பி வரும்போது, ''அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தை'' என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, ''ரிப்போர்ட்ல நல்லாருக்குன்னுதானே போட்டிருந்தது... நீ என்ன பண்ணுவே'' என்றார். மன்னிப்பா, குத்தலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்.

இப்போது வலி போய்விட்டதா? இல்லை. ஆறு, மூன்றாகியிருக்கிறது. அத்தைக்கு அந்த அளவுகூட இல்லை. 'ராத்திரி தூங்குறேன்' என்கிறார். அது பெரிய விஷயம்.

மிச்ச வலியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நல்ல நாளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வலி இல்லையே என்று பாண்டி பஜாரை ஒரு முழுச் சுற்று சுற்றினேன், இரண்டு நாள் படுக்கை. சம்பளம் வந்த அன்றே செலவழித்தவன் கதை. இப்போது பட்ஜெட். வலி வந்ததும் நிறுத்துவதில்லை, கடிகாரம் பார்த்து நிறுத்துகிறேன். பத்து நிமிஷம் நடை, கொஞ்சம் உட்காரல், மறுபடி பத்து. நல்ல நாளிலும் அவ்வளவுதான், கெட்ட நாளிலும் முடிந்தவரை அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டல். பயந்து படுத்தே கிடந்தால் இடுப்புத் தசை இளைத்து வலி இன்னும் கூடும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை டி.வி. சீரியலோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். விளம்பரம் வந்தால் காலைத் தூக்க வேண்டும். நம் சேனல்கள் தரும் விளம்பரத்துக்கு நான் ஒலிம்பிக்குக்கே போகலாம்!

ஒரு எச்சரிக்கை. 'பழகின வலிதானே' என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. காய்ச்சல், தழும்பில் சிவப்பு, கசிவு, திடீரென்று புது மாதிரி வலி, காலை ஊன்றவே முடியாமை, கால் குட்டையானதுபோல் இருப்பது... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடுங்கள். செயற்கை மூட்டில் தொற்று பல வருஷம் கழித்தும் வரலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு 'ம்... பரவால்ல' இருக்கக்கூடும். அவரிடம் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டாதீர்கள். எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். நடுவில் பேசாமல் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இது நடக்கிறது. சீரியல் ஆரம்பிக்கும் முன் அத்தை கேட்பார்:

''இன்னிக்குக் குடையுதா, காந்துதா?''

''குடையுது அத்தை. உங்களுக்கு?''

''எனக்குக் காந்தல்தான்'' என்பார். கொஞ்சம் நகர்ந்து, எனக்குச் சாய்ந்துகொள்ளத் தலையணையைத் தள்ளுவார்.

விளம்பரம் வந்ததும் இரண்டு பேரும் காலைத் தூக்குவோம்.