நான்காய்ப் பிரிந்த பாட்டு

பாலோடு கலந்த நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் அன்னப்பறவையைப் பற்றி நம் புலவர்கள் பாடியுள்ளனர். கலந்ததைப் பிரித்தறியும் ஆற்றலை அறிவின் அடையாளமாக அவர்கள் கருதினர். அந்த அன்னத்தின் வேலையை இசைக்குச் செய்யப் புறப்பட்ட ஒரு கோப்பு வடிவம் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெர்லின் நகரைச் சேர்ந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் நிறுவனம் அறிமுகப்படுத்திய அவ்வடிவத்தின் பெயர் ‘ஸ்டெம்ஸ்’. டி.ஜே. எனப்படும் இசைத்தட்டுக் கலைஞர்களை மனத்திற்கொண்டே அது உருவாக்கப்பட்டது. அவர்களுக்கு அது பயன்படுமா என்னும் வினாவை ஈண்டு ஆராய விழைகிறோம். நாம் இசையை இயக்கும் தொழிலினர் அல்லோம். கேட்டுச் சுவைப்போர் மட்டுமே. எனினும், சுவைப்போருக்கும் இவ்வினாவில் பங்குண்டு என்பது நம் கருத்து.

பிரித்தலின் முன்கதை

ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றை அதனோடு இழையவிட்டு, ஆடுவோரின் கால்கள் ஓயாதபடி காப்பதே டி.ஜே.யின் கலை. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விருந்துகளில் இசைக்கத் தொடங்கிய கூல் ஹெர்க், பாடலுள் தாளம் மட்டும் தனித்தொலிக்கும் சிறு இடைவெளியே ஆடுவோரை மிகுதியும் ஈர்ப்பதைக் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி இயக்கி, அவ்விடைவெளியை நீட்டினார். தாளத்தைத் தனியே பெற அவருக்கு வேறு வழியில்லை. பாட்டே தாளத்தைத் தனித்துவிடும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலறிந்த கிங் டப்பி, நான்கு தடங்களாகப் பதிவான பாடல்களைத் தம் கலவை மேசையில் ஏற்றி, குரலை மறைத்தும் தாளத்தை எதிரொலிக்கச் செய்தும் ‘டப்’ என்னும் இசைவகையை வளர்த்தார். ஹெர்க்கின் கையிலிருந்தது மூடிய பாட்டு. டப்பியின் கையிலிருந்தது திறந்த பாட்டு. பின்வந்த டி.ஜே.க்களில் மிகப் பலர் ஹெர்க்கின் நிலையிலேயே இருந்தனர்.

மூடிய பாட்டின் இடர்

அவர்களுக்கு வாய்த்த கருவி, கலவை மேசையில் தாழ்வு, நடு, உச்சம் என அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் அமைந்த மூன்று குமிழ்கள். தாழ்ந்த ஒலியைக் குறைத்தால் பாஸ் கிதாரோடு பெருமுரசின் அடியும் போய்விடும். நடுவொலியைக் குறைத்தால் குரலோடு பியானோவும் மங்கும். இரு பாடல்கள் இணையும் இடத்தில் இரு பாடகர் ஒருசேரப் பாடினால் இரண்டும் விளங்காது. இரு பாஸ் ஒலிகள் மோதினால் அடித்தளமே கலங்கும். குமிழ் அதிர்வெண்ணை அறியுமேயன்றிக் கருவியை அறியாது.

இவ்விடரைத் தீர்க்கவே ஸ்டெம்ஸ் வந்தது. ஒரே எம்.பி.4 கோப்பினுள் முழுப்பாட்டும், அதன் நான்கு பகுதிகளும் அடங்கியிருக்கும். தாளம், பாஸ், இன்னிசை, குரல் என்பது பொதுவான பகுப்பு. இதற்கெனச் செய்யப்பட்ட மென்பொருளில் நான்கும் தனித்தனியே திறக்கும். ஒரு பாட்டின் குரலை மற்றொன்றின் தாளத்தோடு மணமுடிக்கலாம். கலைஞர்களே இத்தகைய கோப்புகளை ஆக்கிக்கொள்ள இலவசக் கருவியும் தரப்பட்டது.

இவ்வாறு பிரிந்த பாடலொன்றைக் காதொலிக் கருவி அணிந்து நாம் கேட்டதுண்டு. தாளப் பகுதியை அடக்கியபோது, அதுவரை நம் செவிக்கு எட்டாதிருந்த பாடகியின் மூச்சொலி தெளிவாய்க் கேட்டது. குரலை அடக்கியபோது, பாஸ் கிதார் ஒவ்வோரடியின் முடிவிலும் அவளுக்கு விடையிறுத்து வந்தது புலப்பட்டது. மீண்டும் நான்கையும் சேர்த்துக் கேட்கையில் பழைய பாட்டே புதிதாய் இருந்தது. பிரித்துக் கேட்டவனுக்கே சேர்ப்பின் அருமை தெரியும் என அன்று உணர்ந்தோம்.

பரவாத காரணம்

ஆயினும், ஸ்டெம்ஸ் பெருவழக்குப் பெறவில்லை. கேளிக்கை மன்றங்களில் நிலைபெற்றிருந்த பிற நிறுவன இயக்கிகள் அதனை நான்காகத் திறக்கவில்லை. ஒவ்வொரு பாட்டையும் பிரித்துச் செப்பம் செய்யும் கூடுதல் உழைப்பை வெளியீட்டாளர் பலர் ஏற்கவில்லை. பழம்பாடல்கள் பலவற்றுக்கு மூலத்தடங்கள் கிடைப்பதே அரிது.

இதற்கிடையில், 2019ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சின் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்னும் மென்பொருளை மூலநிரலோடு இலவசமாய் வெளியிட்டது. கலந்து முடிந்த பாட்டையே கணினி பகுத்துத் தரும் திறன் அதனால் எளிதாயிற்று. 2020 முதல் டி.ஜே. மென்பொருள்கள் ஒவ்வொன்றாய் அத்திறனைப் பெற்றன. 2022இல் செராட்டோவும் பெற்றது. எந்தப் பாட்டையும் நொடியில் பிரிக்கலாம் என்றானபின், பிரித்து விற்கும் வடிவம் எதற்கு எனப் பலர் வினவினர்.

பதம் பிரிப்போர் அறிவர்

இவ்விடத்தில் தமிழ் கற்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ‘வேங்கை’ என்பது ஒரு சொல்லாய் நின்றால் விலங்கு அல்லது மரம். ‘வேம் கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கை. நன்னூலார் இதனைப் பொதுமொழி என்பர். எங்கே பிரிப்பது என்பதை எழுத்து மட்டும் சொல்லாது. சொன்னவன் கருத்தே சொல்லும். பாட்டும் அத்தகையதே. வாயால் எழுப்பிய தாளம் குரலா, தாளமா? இயந்திரம் தான் கற்ற பழக்கத்தால் ஊகிக்கும். ஊகம் பிழைக்குமிடத்தில் நீருக்கடியில் ஒலிப்பதுபோன்ற கலங்கல் எஞ்சும். ஸ்டெம்ஸ் வடிவிலோ, நான்கு பகுதிகள் எவை, அவற்றின் பெயர் யாவை என்பதைப் படைத்தவரே வகுக்கலாம். அது உரையாசிரியர் ஊகித்த பிரிப்பன்று. நூலாசிரியரே தந்த பிரிப்பு.

மற்றொன்றும் உண்டு. படைத்தவர் பிரித்துத் தருகையில் அவருடைய இசைவும் உடன்வருகிறது. இயந்திரம் பிரிக்கையில் எவரையும் கேட்பதில்லை. பாடகியின் குரலை அவள் அறியாமலே உரித்தெடுத்து வேறொரு தாளத்தில் பொருத்துவது எளிதாகிவிட்ட இக்காலத்தில், இசைவு என்பது சிறு பொருளன்று.

ஆகவே, இத்தகைய வடிவம் டி.ஜே.க்குப் பயனுடையதே என்பது நம் முடிபு. வசதி ஒன்றையே கருதினால் இயந்திரம் முந்திவிட்டது. ஒலித்தெளிவும் படைத்தவரின் ஒப்புதலும் வேண்டுவோர்க்கு, அவர் கையால் பிரித்துத் தந்த கோப்பே மேலானது. அது கிடைக்குமிடத்தில் விலைகொடுத்து வாங்குவதும், கிடையாவிடத்தில் இயந்திரப் பிரிப்பைப் பாடல்கள் இணையும் சில நொடிகளுக்கு மட்டும் அளவோடு கையாள்வதும் இக்கலையைப் பயில விழையும் இளைஞர்க்கு நாம் கூறும் வழியாகும்.