காய்ந்த ஆறும் கடல் ஆமையும்

கடலுக்கும் எங்கள் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பூட்டும், பிரியாணியும், சின்னாளப்பட்டிச் சுங்குடியும்தானே எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்பவை! ஆனால் தண்ணீர் போகிற வழியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். மலையில் பிறந்து ஆத்தூர்ப் பக்கம் இறங்கும் குடகனாறு, வேடசந்தூரைத் தாண்டிப் போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது.

வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் எங்கள் ஆறு காய்ந்துதான் கிடக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஓடாத ஆற்றைக் குப்பைமேடு என்றே ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் வெள்ளம் வரும். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். “அப்பாடா, சுத்தமாயிடுச்சு” என்று பெருமூச்சு விடுவோம். சுத்தம் எங்கே ஆனது? நம் வாசலிலிருந்து நகர்ந்தது, அவ்வளவுதான்!

நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குத் தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். கடலில் மிதக்கும் கேரிபேக், ஆமையின் கண்ணுக்குச் சொறிமீன் மாதிரி தெரியும். தின்றுவிட்டால் குடல் அடைத்துப்போகும். பிளாஸ்டிக் மக்காது, வெயிலிலும் அலையிலும் பொடிப்பொடியாக உடையும். அந்தப் பொடி மீன் வயிற்றுக்குள் போகிறது. தூத்துக்குடி உப்பில்கூட அதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் விட்டெறிந்தது நம் குழம்புச் சட்டிக்கே திரும்பி வருகிறது, பாருங்கள்!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு டெங்கு காய்ச்சல் வந்து, பத்து நாள் பெற்றவள் தூங்கவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடியபோது, ஒரு மொட்டை மாடியில், ஏதோ விசேஷத்துக்கு வாங்கி மிச்சமான பிளாஸ்டிக் கப்புகள் மழைத் தண்ணீரோடு கிடந்தன. உள்ளே புழு நெளிந்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இதை மறக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: பிளாஸ்டிக்கைக் குவித்துத் தீ வைக்காதீர்கள். அந்தப் புகை விஷம். முதலில் பாதிக்கப்படுவது குழந்தையின் நெஞ்சுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரிபேக், பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் என்று ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் சாமான்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் ஆரம்பித்தது. 2022 ஜூலையில் நாடு முழுவதுக்கும் தடை வந்தது. இருந்தும் கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து கவர் எடுக்கத்தானே செய்கிறார்? நாம் கையை நீட்டுவதால்தான் எடுக்கிறார்!

நான் ஒரு மாசம் கணக்குப் பார்த்தேன். கொல்லையில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வீட்டுக்குள் வந்த கவரையெல்லாம் அதில் போட்டேன். நாளைக்கு இரண்டு பால் பாக்கெட் என்றால், வருஷத்துக்கு எழுநூற்று முப்பது! அது ஒரு வீட்டுக் கணக்கு மட்டும். சாக்கு நிறைந்ததைப் பார்த்த மாமியார், “நாங்க உப்புப் புளி வாங்க ஓலைப்பெட்டிதான் கொண்டு போவோம். அப்ப இந்தச் சனியனெல்லாம் ஏது?” என்றார். அவரே பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஆறு பை தைத்துக் கொடுத்தார். பருத்திச் சேலை அல்லவா, தோய்த்துத் தோய்த்து உபயோகிக்கலாம்.

பை இருந்தால் மட்டும் போதாது. புறப்படும்போது அது கையில் இருக்க வேண்டும். அதனால் ஒன்று செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஆணியில், ஒன்று வீட்டுக்காரர் வண்டிப் பெட்டியில், ஒன்று மகன் புத்தகப் பையில் இருக்கிறது. பிரியாணி, இட்லி மாவு, சாம்பார் வாங்கத் தூக்குச்சட்டி போகும். சூடான குழம்பைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவது உடம்புக்கும் நல்லதில்லை. முதல் நாள் தூக்குச்சட்டியை நீட்டியபோது கடைப் பையன் சிரித்தான். இப்போது “அக்கா, சட்டியைக் குடுங்க” என்று அவனே கேட்கிறான். பூக்காரம்மாவிடம் வாழையிலையில் கட்டித் தரச் சொன்னால், பூவும் வாடாமல் இருக்கும்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடையில்தான் போய்ச் சேரும். ஒட்டியபடியே கீறி, பாலை ஊற்றிவிட்டு, அலசிக் காய வைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம். காய்கறித் தோலையும் கவரையும் சேர்த்துக் கட்டாமல், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தனித்தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவரும் ஒரு தாய்தான்; நம் எச்சிலைக் கிளறிப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

பக்தியிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிறவர்களுக்கு எங்கள் பக்கம் சாலையெங்கும் மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். புண்ணிய காரியம்தான். மறுநாள் அதே சாலையோரத்தில் காலித் தட்டும் கப்பும் காற்றில் பறக்கும். மிச்சச் சோற்று வாசனைக்கு மாடு கவரோடு தின்னும். எவர்சில்வர் டம்ளர் நூறும், கழுவ இரண்டு வாளித் தண்ணீரும் வைத்தால் புண்ணியம் முழுசாகச் சேருமே! ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறவர்கள் ஸ்நானம் செய்துவிட்டுத் துணியைக் கடலில் விடுகிறார்கள். இந்தக் காலத்துச் சேலையில் பாதி பாலியஸ்டர், அதுவும் பிளாஸ்டிக்தான். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையும் கடல்பசுவும் இருக்கின்றன. பிதுர்களுக்குக் கொடுக்கிற எள்ளும் தண்ணீரும் போதும். நைலான் சேலையை அவர்கள் கேட்கவில்லை!

ஒன்றே ஒன்று. தெருவில் கீரை விற்கும் பாட்டி கவரில் போட்டுத் தந்தால் அவரிடம் சட்டம் பேசாதீர்கள். உங்கள் பையை நீட்டுங்கள், போதும். கவர் வாங்கும் காசு அவருக்கு மிச்சம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. நாளைக் காலையில் பால் கவரிலிருந்து ஆரம்பியுங்களேன்! வாரம் ஒரு பழக்கம் சேர்ந்தால், அடுத்த ஐப்பசி வெள்ளத்துக்குள் நம் வீட்டுச் சாக்கு பாதியாகிவிடும்.