பொய் நியூட்ரல்

அப்பா மறைந்தபின் அவருடைய 1982ஆம் ஆண்டு புல்லட் உறையூர் வீட்டு வாசலில் நான்கு ஆண்டுகள் தார்ப்பாய்க்கடியில் நின்றது. "யாருக்காவது கொடுத்துடுங்கடா" என்று அம்மா சொல்லிக்கொண்டேயிருந்தார். அண்ணன் தம்பி எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. முதல் கியருக்குத் தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் மிதிக்க வேண்டும். 1955இல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த ஏற்பாடு இது. தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் இதே கியர்ப்பெட்டிதான் தொடர்ந்தது. இன்றைய வண்டிகளில் பழகிய கால்களுக்கு இது விளங்குவதில்லை. சாலை ரோட்டில் முன்னால் ஒரு பேருந்து நின்றபோது எங்களில் இளையவன் பதற்றத்தில் வலக்காலை அழுத்தினான். வண்டி நிற்கவில்லை, அடுத்த கியருக்கு மாறியது. முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பினோம். அம்மாவிடம் வாழைப்பழத் தோல் என்று சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அது எங்கள் பிழை. வண்டிக்கும் ஒரு பிழை இருந்தது. முதல் கியர் விழும்போது கரகரவென்று அரைத்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, காவிரிப் பாலத்தின் நடுவில்கூட, பிடிப்பே இல்லாத பொய் நியூட்ரலில் நழுவியது. ஒரு பட்டறையில் பெட்டியைப் பிரித்துப் பல்சக்கரங்களையே மாற்றவேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம்.

அரைப்புக்குக் காரணம் கிளட்ச். நெடுநாள் நின்றதில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கிளட்சைப் பிடித்துக்கொண்டே நாலைந்து முறை உதைத்து அவற்றைப் பிரித்துவிட்டு, கேபிளின் தளர்வையும் சரிசெய்தோம். அரைப்பு நின்றது. நழுவல் நிற்கவில்லை.

தெருக்கோடியில் தொழிலை விட்டுவிட்ட முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியைப் பிரிக்கவில்லை. கியர் மிதியைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். "மேல எவ்வளவு ஆட்டம், கீழ எவ்வளவு ஆட்டம், பாருங்க தம்பி. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்றார். வெளிமூடியை மட்டும் கழற்றினார். உள்ளே இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் சிறிய தகடு ஒன்று. அதன் துளைகள் நீளவாட்டில் இருப்பதால் தகட்டைச் சற்றே நகர்த்தலாம். போல்ட்டுகள் தளர்ந்து தகடு விலகியிருந்தது. பழைய எண்ணெயைத் துடைத்தபோது அதன் விளிம்பிலும் பெட்டியின் உடலிலும் உளியால் போட்ட மெல்லிய கோடுகள் தெரிந்தன. "யாரோ அளவு பாத்து வச்ச கோடு" என்று சொல்லி, இரண்டையும் நேர்கோட்டில் சேர்த்து இறுக்கினார். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி நான்கு கியர்களையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் விழுந்தன.

அப்பா ஸ்பானர் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. சிக்னலில் கீழே பாராமல் குதிகாலால் நியூட்ரல் நெம்பைத் தட்டுவதை மட்டுமே பார்த்திருக்கிறோம். அம்மாவிடம் கேட்டோம். "அவர்தான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி. அன்னிக்குத்தான் சுண்டுவிரல் நசுங்கிச்சு" என்றார்.

இப்போதெல்லாம் விடியற்காலையில், நாச்சியார் கோவில் தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், இளையவன் இடக்காலால் நிறுத்திப் பழகுகிறான். நெரிசலில் ஓட்ட அவனுக்கு இன்னும் நாங்கள் சாவி கொடுப்பதில்லை.