மாவு இருக்கா?

எங்கள் வீட்டில் தோசை மாவு தீர்ந்துபோனால் என் மனைவி பதற மாட்டாள். நான்தான் பதறுவேன். சாப்பாட்டு ராமன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொழில் அப்படி!

அடியேன் பார்ப்பது, சினிமா கேமராவிலிருந்து வருகிற மாவைத் தோசையாக வார்த்துக் கொடுக்கிற வேலை. விசிட்டிங் கார்டில் ‘டேட்டா மேனேஜ்மென்ட்' என்று கெத்தாகப் போட்டிருக்கும். ஷூட்டிங் ஸ்பாட்டில் கூப்பிடுவதோ, "யோவ் கார்டு, இங்க வாய்யா!"

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2007-ல் ரெட் ஒன் என்று ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. 2009-ல் கமல் நடித்த ‘உன்னைப்போல் ஒருவன்' இந்தக் கேமராவில் எடுத்ததுதான். இது படத்தைப் படமாகப் பதிவு செய்யாது. சென்சாரில் விழுகிற வெளிச்சத்தைப் பச்சையாக அள்ளி, சுருக்கி மூட்டை கட்டிக்கொள்ளும். ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான். நாலு புள்ளியில் ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். (முதலில் சொன்னது சமைக்காத பச்சை, இது நிறப் பச்சை. குழம்பாதீர்கள்!) விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் விசாரித்து நிரப்புவது பிற்பாடு சாஃப்ட்வேரின் வேலை.

அந்த சாஃப்ட்வேர் ரெட்சினி எக்ஸ் ப்ரோ. கேமரா கம்பெனியே இலவசமாகத் தருகிறது. ஆர்3டி என்ற பச்சை ஃபைலை அதில் திறந்தால், ஐஎஸ்ஓ, நிற வெப்பநிலை எல்லாம் வெறும் சமையல் குறிப்பாகத்தான் இருக்கும். உப்பு இன்னும் போடவில்லை. கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ‘எக்ஸ்போர்ட்' பட்டனை அழுத்தி எச்.264 ஆக மாற்றினால் வெந்தது வெந்ததுதான். தோசையைத் திரும்ப மாவாக்க உலகத்தில் மிஷின் கிடையாது.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறேனே, இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டுத்தான்.

2012. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து பற்றி டாக்குமென்டரி. காசு இல்லாத டைரக்டர், வாடகைக்கு எடுத்த பழைய ரெட் ஒன், கூடவே நான். கூத்து வாத்தியாருக்கு எண்பது வயசு இருக்கும். குடிசையில் ஒரே ஒரு குண்டு பல்பு. கண்ணாடியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொண்டார். ஆறு நிமிஷம் கேமராவை நிறுத்தவே இல்லை. முதல் ரெண்டு நிமிஷம் பூச்சு. அப்புறம் கிரீடத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த ராஜாவைப் பார்த்து, மெதுவாகப் பாட ஆரம்பித்தார். டைரக்டர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் கை நடுங்கியது.

"தம்பி, இதுதான்டா நம்ம படம்!"

எனக்குப் புல்லரித்தது. கூடவே வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இந்தக் கேமரா வினாடிக்கு 36 எம்பி தின்னும். நிமிஷத்துக்கு 2 ஜிபிக்கு மேல். கையில் இருந்ததோ ரெண்டே ரெண்டு ஹார்ட் டிஸ்க். முதல் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காப்பி பண்ணினேன். ரெண்டாவதில் இடம் போதவில்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஒரே பெயரில் நாலு ஃபைல். கடைசி எண் மட்டும் 001, 002, 003, 004 என்று மாறுகிறது.

‘ஒரே ஷாட்டுக்கு எதுக்குய்யா நாலு ஃபைல்? டூப்ளிகேட்டா இருக்கும்' என்று மேதாவித்தனமாக முடிவு பண்ணி, 001-ஐ மட்டும் காப்பி பண்ணினேன். கார்டை ஃபார்மட் பண்ணி, மறுநாள் ஷூட்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

டூப்ளிகேட் இல்லை சார்! அந்தக் கேமரா நீளமான ஷாட்டை 4 ஜிபி, 4 ஜிபியாக நறுக்கி வைக்கும். நாலும் சேர்ந்தால்தான் ஒரு ஷாட்.

சென்னை வந்ததும் எக்ஸ்போர்ட். அன்றைக்கு எங்கள் கம்ப்யூட்டர் இருந்த லட்சணத்துக்கு ‘இன்னும் 9 மணி நேரம்' என்று காட்டும். டீ குடித்துவிட்டு வந்தால் ‘இன்னும் 11 மணி நேரம்' என்று காட்டும்! டைரக்டர், "கொஞ்சம் டார்க்கா, மூடா இருக்கட்டும் தம்பி" என்றார். கான்ட்ராஸ்ட்டை ஏகத்துக்கு ஏற்றி, எச்.264 ஆக வார்த்துக் கொடுத்தேன். சின்ன மானிட்டரில் பிரமாதமாகத் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு விளம்பரப் படம் வந்தது. டிஸ்க்கில் இடம் வேண்டும். ‘அதான் எக்ஸ்போர்ட் ஆயிடுச்சே' என்று முதல் டிஸ்க்கில் இருந்த ஆர்3டி மொத்தத்தையும் டெலிட் பண்ணினேன். ஒரு பட்டன்தான். மனசில் சின்ன உறுத்தல்கூட இல்லை.

மூணு மாசம் கழித்து வாத்தியார் இறந்துபோனார்.

டைரக்டர் ஓடிவந்தார். "தம்பி, அந்த ஷாட்டைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டேன். முகமே தெரியலை. ரா எடு, கொஞ்சம் வெளிச்சம் ஏத்தலாம்."

எச்.264-ல் வெளிச்சம் ஏற்றிப் பார்த்தோம். முகம் இருந்த இடத்தில் கறுப்புக் கறுப்பாகக் கட்டம். ரெண்டாவது டிஸ்க்கைத் திறந்தேன். 001 இருந்தது. ஐஎஸ்ஓவை ஏற்றியதும் இருட்டுக்குள்ளிருந்து சுருக்கம் சுருக்கமாக முகம் எழுந்து வந்தது. சரியாக ரெண்டு நிமிஷம். கிரீடத்தை நோக்கிக் கை போகும்போது ஷாட் முடிந்துவிட்டது.

"மீதி?" என்றார்.

"டிஸ்க் கெட்டுப்போச்சு சார்" என்றேன்.

பொய். அந்த மனுஷர் அதை நம்பி, "பரவால்ல தம்பி, மிஷின்தானே" என்று எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

அதற்கப்புறம் நான் திருந்தினேன். மூணு காப்பி எடுக்காமல் கார்டை ஃபார்மட் பண்ணுவதில்லை. அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கும். காப்பி பண்ணியதும் ‘செக்சம்' பார்ப்பேன். அசலையும் நகலையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. ஃபோல்டருக்குள் கைவைத்து ஃபைலைப் பொறுக்குவதே இல்லை. ஃபோல்டரோடு அப்படியே தூக்குவேன். டைரக்டர் ‘மூடு' கேட்டால் குறிப்பில் மட்டும் மாற்றுவேன். மாவில் கை வைக்க மாட்டேன்.

போன வருஷம் வாத்தியாரின் பேத்தி ஸ்டுடியோவைத் தேடி வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலையாம். "தாத்தாவைப் பார்க்கணும்ணா" என்றாள். பழைய 001-ஐப் புது சாஃப்ட்வேரில் திறந்தேன். 2012-ல் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. மாவு பழசுதான், ஆனால் கல் புதுசு!

"தாத்தா மூக்குல மச்சம் இருந்தது மறந்தே போச்சு!" என்று சிரித்தாள். கிரீடத்தை நோக்கிக் கை போனது. திரை இருண்டது. குரலைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்ததால் பாட்டு மட்டும் நாலு நிமிஷம் தொடர்ந்தது.

"மீதி எங்கண்ணா?"

"டிஸ்க்..." என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்தினேன்.

"நான்தாம்மா அழிச்சேன். தெரியாம இல்லை, அலட்சியமா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை முதல்லேர்ந்து போடுங்கண்ணா" என்றாள். இருண்ட இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்று ராத்திரியே டைரக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

நேற்று மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள்.

"ஏங்க, மாவு புளிச்சுப் போச்சு. கொட்டிடட்டுமா?"

"கொட்டு. முதல்ல வேற பாத்திரத்துல கொஞ்சம் எடுத்து வச்சிட்டுக் கொட்டு!"